பூவாளிக்காரர் தண்ணீர் ஊற்றாத பாத்தி

பூவாளிக்காரர் என்று சொன்னால்தான் அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஓய்வூதியம் வாங்கப் போகும்போது மட்டும் அது வெளியே வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் நகராட்சிப் பூங்காவில் தோட்டக்காரராக இருந்தவர். ரப்பர் குழாயைச் செடிமேல் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறவர்களை அவர் தோட்டக்காரர் என்று ஒப்புக்கொண்டதே கிடையாது. அது தீயணைப்பு வண்டி வேலை என்பார். செடிக்குத் தண்ணீர் என்றால் பூவாளியில் ஊற்ற வேண்டும், அதுவும் குனிந்து ஊற்ற வேண்டும். ஓய்வு பெற்ற அன்று எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரம் இருக்கட்டும், அந்தப் பழைய தகரப் பூவாளியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாராம். கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. பூவாளி இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம். வாடின செடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒருமுறை வங்கியில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தவர், மூலையில் ஒரு தொட்டிச்செடி தலை தொங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலை அப்படியே அதில் கவிழ்த்துவிட்டார். அது பிளாஸ்டிக் செடி. தண்ணீர் தொட்டிக்கு அடியில் வெளியேறி, பளபளவென்ற தரையில் ஓடி, மேனேஜர் அறை வரைக்கும் போய்விட்டது. காவலாளி துடைப்பமும் கையுமாக ஓடிவந்தாராம். மகன் இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன, பார்க்கப் பாவமாகத்தானே இருந்தது என்பது இவர் கட்சி.

மனைவி இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். மகனுக்குச் சைக்கிள் ரிப்பேர்க் கடை. மருமகளுக்குப் பண்ணையில் வேலை. அவள் வேலையால் கிடைத்த குவார்ட்டர்ஸ்தான் வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் குளியலறை, அதைத் தாண்டினால் பண்ணை வயல், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, முன்னால் முழுக்கச் சிமெண்ட் போட்ட வாசல். வந்து இறங்கிய அன்று பூவாளியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, துணிமணி இருந்த பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். தினமும் பையைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்வார், துவைத்ததை மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பார். வாசலில் இரண்டு தொட்டி வைத்துத் தரட்டுமா என்று மருமகள் கேட்டபோது, நான் என்ன இங்கேயேவா இருக்கப்போகிறேன், நாளைக்குப் போனால் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றார். எங்கே போகப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. மகன் வீட்டில் தான் ஒரு விருந்தாளி என்று எப்படியோ மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். மருமகளுக்கு அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். எரிச்சலுக்கு அடியில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

மருமகளுக்கு வேலை தட்டைப்பயறோடு. காராமணி என்றும் சொல்வார்களே, அதுதான். பன்னிரண்டு ரகங்கள், பெயர் கிடையாது, நம்பர்தான். இந்தப் பன்னிரண்டையும் ஐந்து இடங்களில் விதைத்திருந்தார்கள். ஆற்றோர வண்டலில் ஒன்று, மலைச்சரிவில் ஒன்று, கடலோர மணலில் ஒன்று, கறுப்பு மண்ணில் ஒன்று, அப்புறம் இவர்கள் இருந்த இந்த மொட்டைச் சரளை நிலம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரகத்துக்கு மூன்று சின்னப் பாத்திகள். மூன்றும் அடுத்தடுத்து இருக்காது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி ஒன்று வேலியோரம், ஒன்று நட்ட நடுவில், ஒன்று களத்துப் பக்கம் என்று கிடக்கும். எது எங்கே என்பது வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்து இடத்துக்கும் பொறுப்பு ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா. எல்லோருக்கும் அவர் மேடம். கழுத்தில் தையற்காரரைப் போல ஒரு டேப் தொங்கும். சிரித்தால் பண்ணை முழுக்கக் கேட்கும், கோபம் வந்தாலும் அதே தூரம் கேட்கும். நல்ல மண்ணும் நல்ல மழையும் இருந்தால் எதுதான் விளையாது என்று கேட்பார். ஓரிடத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு இன்னோரிடத்தில் கையை விரிக்கிற ரகம் அவருக்கு வேண்டாம். எந்த மண்ணில் போட்டாலும், எந்த வருடம் போட்டாலும், விதைத்தவன் வயிற்றில் அடிக்காத ரகம் ஒன்று வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சரளை நிலம். ஆகையால் இங்கே ஒரே சட்டம்: வானம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர்கூட யாரும் ஊற்றக் கூடாது.

இதை மருமகள் கணவனிடம் சொன்னாள், களையெடுக்க வருகிற பெண்களிடம் சொன்னாள், மாமனாரிடமும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை? மருந்தை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாலும் அதே தலையாட்டல்தான்.

முதல் பருவம் முடிந்து நெற்றுகளைப் பறித்து உடைத்து நிறுத்துப் பார்த்தபோது பதினோராம் நம்பர் எல்லோரையும் அசத்திவிட்டது. வண்டலில் அது முதலாவதாக வந்ததில் ஆச்சரியமில்லை. பார்வைக்கே ராஜா மாதிரி இருந்தது, பெரிய இலை, நீள நீளமான காய். மலையிலும் மணலிலும் கறுப்பு மண்ணிலும்கூடத் தண்ணீர் ஓரளவு இருந்தது, சரி. ஆனால் இந்தச் சரளையில், மழை பாதியில் ஏமாற்றிவிட்டுப் போன வருடத்தில், மற்றதில் பாதிக்கு மேல் சுருண்டு கிடக்கும்போது இது மட்டும் எப்படி இவ்வளவு காய்த்தது? மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. தேடின ஆள் வீட்டு வாசலிலேயே நிற்கிறார் என்று குதித்தார். இன்னொரு பருவம் இதேபோல் வந்துவிட்டால் பதினொன்றைத் தேர்வுக் குழுவின் முன் வைத்து, அடுத்த விதைப்புக்கே விவசாயிகள் கைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். தற்காலிகமாக இருக்கும் மருமகள் வேலையை அதோடு நிரந்தரமாக்கக் கேட்கப் போவதாகவும் சொன்னார். வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் நிரந்தரம். இல்லாவிட்டால் பருவம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். மகன் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மூன்று பேர் நீட்டிப் படுக்க முடியாது. அன்று ராத்திரி மருமகள் தூக்கத்திலும் சிரித்தாள் என்று கணவன் சாட்சி சொன்னான்.

போன பருவத்தில் எப்போதாவது தலைகாட்டிய தண்ணீர்த் தொட்டித் தொல்லை இரண்டாம் பருவத்தில் தினசரியாகிவிட்டது. ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் குளிக்கப் போகும்போது குழாய் காற்றை ஊதும். தலையில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்ற கணவன் உள்ளேயிருந்து கத்துவது வழக்கமாகிவிட்டது. பிளம்பர் வந்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்தார், குழாயில் காதை வைத்துக் கேட்டார், எங்கேயும் ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி கூப்பிட்டபோது, தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதிகமாகக் குளிக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பூவாளிக்காரர் பக்கத்தில் நின்று, ஆமாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரொம்பத்தான் குளிக்கிறார்கள் என்று ஒத்து ஊதினார்.

ஒரு நாள் மருமகள் பூ எண்ணுவதற்காகக் காலையில் வயலில் இறங்கினாள். வேலியோரம் இருந்த பதினோராம் நம்பர் பாத்திக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. மண்ணெல்லாம் பொடிப் பொடியாகக் குழி விழுந்து, லேசாகத் தூறல் போட்ட மாதிரி இருந்தது. பக்கத்துப் பாத்தி எலும்பாகக் காய்ந்து கிடந்தது. மழை பாத்தி பார்த்துப் பெய்யுமா? நடுவில் இருந்த பதினொன்றைப் போய்ப் பார்த்தாள். அங்கேயும் தூறல். களத்துப் பக்கத்திலும் தூறல். நாலாம் நம்பரிலும் ஒன்பதாம் நம்பரிலும்கூட அங்கங்கே ஈரம் இருந்தது. வரப்போரமாக ரப்பர் செருப்புத் தடம், இடதுகால் குதி தேய்ந்தது. அந்தச் செருப்பை அவள் தினமும் வாசற்படியில் நகர்த்தி வைக்கிறவள்.

மறுநாள் விடியும்போதே அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். விளக்குப் போடவில்லை. குளியலறைக் கதவு மெல்லத் திறந்தது. பூவாளி முன்னால் வந்தது, பின்னால் அவர் வந்தார். திருட்டு வேலைக்குப் போகிறவரைப் போலக் குனிந்து பதுங்கவெல்லாம் இல்லை. பூங்காவுக்கு வேலைக்குப் போகிற மாதிரி நிமிர்ந்து நடந்தார். ஒவ்வொரு பாத்தியாக நின்று பார்த்தார். பகல் வெயிலில் வாடுவதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி முழுக்க ஓய்வு கிடைத்தும் விடியற்காலையில் எது தலை நிமிரவில்லையோ அதற்குத்தான் ஊற்றினார். ஊற்றும்போது ஏதோ பேச்சு வேறு. ஜன்னல் வரை கேட்கவில்லை. ஆனால் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் இதே மாதிரிக் குனிந்து பேசிக்கொண்டே பால் கொடுப்பது மருமகளுக்கு ஞாபகம் வந்தது. வந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியோடு வெளியே போனாள்.

கையும் பூவாளியுமாகப் பிடிபட்டவர் திருதிருவென்று விழித்தார்.

"என்ன மாமா இது? ஒரு சொட்டு ஊத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னம்மா. வாடாததுக்கு நான் ஊத்தலையே."

"போன பருவமும் ஊத்துனீங்களா?"

அவர் பூவாளியின் மூக்கை விரலால் துடைத்துக்கொண்டு நின்றார். அதுவே பதிலாகிவிட்டது.

மருமகள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பதினொன்று சரளையில் காய்த்த ரகசியம் இவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தால் ராஜா, கொடுக்காவிட்டால் முதலில் மயங்கி விழுகிற ஆள் அது. முதலில் மயங்கி விழுந்ததால்தான் இவர் கண்ணில் முதலில் பட்டது, இவர் கையால் அதிகம் குடித்தது. எந்த இடத்திலும் நிலையாக நிற்கிறது என்று மேடம் கொண்டாடிய ரகத்தை நிற்க வைத்தது ஒரு தகரப் பூவாளி. குழு இந்த அறுவடை முடிந்ததும் கூடப்போகிறது. சரளை நிலத்துக்காரர்கள் இதை நம்பி விதைத்தால் அவர்கள் வயலுக்கெல்லாம் இந்த மாமாவையா அனுப்ப முடியும்?

விஷயம் என்னவென்று முழுசாகப் புரிந்ததும் பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து வெளியே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வங்கிச் செடிக்குப் பிறகு அப்பா செய்த பெரிய காரியம் இதுதான் என்று ஆரம்பித்தவன், மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக, இந்தப் பருவத்தோடு நிறுத்தச் சொல்லிவிடலாம், மேடத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா, வேலை கைக்கு வந்த பிறகு சொன்னால் போதாதா என்று மென்று விழுங்கினான். தப்பான ஆள் இல்லை அவன், தலைக்கு மேல் கூரை போய்விடுமே என்ற பயம். அதே பயம் மருமகளுக்கும் இருந்தது. ஆனால் அவள் அந்தப் பயற்றை விதையிலிருந்து பார்த்தவள். வேறு ஒருவர் வயலில் அது சுருண்டு விழுவதை நினைத்தால் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாளைக்கே மேடத்திடம் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"நீ சொல்லாதம்மா," என்றார் பெரியவர். "ஊத்துனது நான். நானே சொல்றேன்."

மறுநாள் மேடம் வாயெல்லாம் பல்லாக ஜீப்பிலிருந்து இறங்கினார். குழுவுக்குக் காட்ட பதினொன்றின் படம் வேண்டுமாம். பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் பூவாளியோடு எதிரே போய் நின்றார். மருமகள் பின்னால் நின்றாள். அவர் ஒன்றும் பூசி மெழுகவில்லை. போன பருவமும் இந்தப் பருவமும் விடியற்காலையில் ஊற்றினேன், மருமகளுக்குத் தெரியாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவள் வேலையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பண்ணை முழுக்கக் கேட்கும் குரலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். குரல் வரவில்லை. மேடம் அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். இரண்டு பருவத்து வேலை வீணாகப் போனதை அவர் முகத்தில் வரிசையாகப் படிக்க முடிந்தது. மருமகளுக்கு, இதைவிட அவர் கத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

மேடம் தலையை நிமிர்த்தினார்.

"சரி, வாடினதுக்கு ஊத்துனீங்க. எதுக்காவது ஊத்தாம விட்டீங்களா?"

"கொஞ்சத்துக்கு அப்பப்ப ஊத்தலம்மா."

"அப்பப்ப இல்ல. ஒரு நாள்கூட ஊத்தாதது. அப்படி ஏதாவது இருக்கா?"

பெரியவர் யோசித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார். இருக்கிறது, ஒரு திமிர் பிடித்த ஜாதி, அதைப் பார்த்தாலே தனக்குப் பிடிக்காது என்றார். எத்தனை நாள் வெயிலடித்தாலும் விடிந்தால் விறைப்பாக நிற்கும், ஒரு வாய் தண்ணீர் கொடேன் என்று ஒருநாளும் கேட்காது. பார்வைக்கும் ஒன்றுமில்லை, சின்ன இலை, குட்டைக் காய். மேடம் எழுந்து, எங்கே, காட்டுங்கள் என்றார்.

பெரியவர் முன்னால் நடந்தார். அவருக்கு நம்பரும் தெரியாது, வரைபடமும் தெரியாது. வேலியோரத்தில் ஒரு பாத்தியைப் பூவாளியால் சுட்டினார். வளைந்து போய் நடுவில் ஒன்றைச் சுட்டினார். மூன்றாவதைக் கொஞ்சம் தேடி, களத்துக்குப் போகும் வழியில், இதுவும் அந்தக் கழுதைதான் என்றார். மேடம் வரைபடத்தை விரித்து விரலை வைத்தார். வேலியோரம் ஆறாம் நம்பர். நடுவிலும் ஆறு. களத்துப் பக்கமும் ஆறு.

மருமகள் எட்டி வரைபடத்தைப் பார்த்தாள். ஆறாம் நம்பர் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எந்த இடத்திலும் அது முதலில் வரவில்லை, எந்த இடத்திலும் கடைசியிலும் வரவில்லை. பரிசும் வாங்காமல் அடியும் வாங்காமல் நடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? மேடம் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதங்களைப் பரப்பி ஐந்து இடத்து விளைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வண்டலில் எவ்வளவோ அதற்குக் கொஞ்சம்தான் குறைவாகச் சரளையிலும் கொடுத்திருந்தது, அதுவும் பூவாளியின் தயவு இல்லாமல். மற்ற ரகங்களின் எண்கள் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடின, இது மட்டும் தரையில் கால் ஊன்றி நின்றது. அப்போதுதான் பண்ணை முழுக்கக் கேட்கும் சிரிப்பு வந்தது. மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் மேடம் சிரிப்பில் மயங்குகிற ஆள் இல்லை. இது சாட்சியம்தான், நிரூபணம் ஆகாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். குழுவிடம் போய், பதினொன்றைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், சரளை நிலத்துச் சோதனையில் தவறு நடந்துவிட்டது, அடுத்த பருவம் மறுபடி செய்ய வேண்டும் என்றார். அங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. மருமகளின் நிரந்தர வேலையும் அதோடு தள்ளிப்போனது. குவார்ட்டர்ஸுக்கு மட்டும் இன்னொரு பருவம் தவணை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த பருவத்துக்குப் பெரியவரை என்ன செய்வது? மகன், அப்பாவைக் கடையில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்றான். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. வாட்டத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற கண்ணை பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் உட்கார வைப்பதா என்றார். அவர் கொண்டுவந்த ஏற்பாடு விநோதமானது. பெரியவர் வழக்கம்போல விடியற்காலையில் போகலாம், பூவாளியும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் காலிப் பூவாளி. அதில் தண்ணீருக்குப் பதில் சிவப்புச் சாயம் அடித்த குச்சிகள். எந்தப் பாத்திக்கு ஊற்ற வேண்டும் என்று கை துடிக்கிறதோ, அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டு வர வேண்டும். பேச்சுக்கும் தடையில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் ஆறுதல் சொல்லலாம். மருமகள் பிற்பாடு குச்சிகளை எண்ணி எழுதிக்கொள்வாள். விளைச்சல் பட்டியலில் இதற்கென்று புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. அதற்கு மேடம் முறைப்படி ஏதோ நீளமான பெயர் வைத்தார். பண்ணையில் எல்லோரும் அதை மாமாவின் ஆசை என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பருவம் மழை மறுபடி ஏமாற்றியது. பெரியவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. விடியற்காலையில் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவார், பதினொன்றின் பாத்தியில் இனிக் குச்சி நட இடமில்லை என்பார். ஒரு நாள் கண் கலங்கியே விட்டது. பார்த்த மருமகளுக்கும் மனசு கேட்கவில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். ஆனால் அவர் ஒரு சொட்டு ஊற்றவில்லை. மகன் மட்டும் அந்தப் பருவம் முழுக்கத் தடையில்லாமல் குளித்தான்.

பூ உதிர்ந்து காய் பிடிக்கிற சமயத்தில் ஒரு சாயங்காலம் திடீரென்று ஒரு மழை வந்தது. பெரிய மழையில்லை, ஆனாலும் மழை. பெரியவர் வரப்பில் நனைந்துகொண்டே நின்று, உள்ளே வாங்க மாமா என்று கூப்பிட்ட மருமகளிடம், இது சட்டப்படி சரிதானே என்று கேட்டார். சரிதான், இது வானம் கொடுத்தது என்றாள். அவர் காலிப் பூவாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவாகப் பெய்கிற மழையைத் தன் கையாலேயே ஊற்றுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுவடையில் கணக்குத் தெளிவாக வந்தது. பதினொன்று மற்ற இடங்களில் ராஜாவாகவும் சரளையில் ஆண்டியாகவும் நின்றது. ஆறாம் நம்பர் ஐந்து இடங்களிலும் முன்பு கொடுத்ததையே கொடுத்தது. அதன் மூன்று பாத்தியிலும் ஒரு குச்சிகூட இல்லை. குழு ஏற்றுக்கொண்டு அதற்கு எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் வைத்தது. பண்ணையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, திமிர் என்றால்தான் விதைக் கிடங்கில் எடுத்துக் கொடுப்பார்கள். திமிர் அந்த வருடமே பல சரளை நிலங்களுக்குப் போயிற்று. மருமகளின் வேலையும் நிரந்தரமானது. உத்தரவை மேடமே கொண்டுவந்து கொடுத்தார். கணவன் கடையை அன்று முழுக்க மூடிவிட்டு வந்து வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

பெரியவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு நாளாக எதையோ கேட்க வந்து கேட்காமல் திரும்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அடுப்படி வாசலில் வந்து நின்றபோது மருமகளே, என்ன மாமா என்று கேட்டுவிட்டாள்.

"அந்தப் பதினொண்ணுல நாலு விதை கிடைக்குமாம்மா?"

"அதத் தள்ளிட்டோமே மாமா. எதுக்கு?"

"தள்ளுனா என்ன. நல்ல செடிதான். பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான்."

மருமகள் விதைக்குப் போகிற வழியில் வாசலைப் பார்த்தாள். மகன் கடையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த பழைய இரும்பு டிரம் ஒன்று, மேல்பாதி வெட்டப்பட்டு, சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தது. முக்கால்வாசி மண் நிரம்பியாயிற்று. இனி அதை நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. மீதி மண்ணை வேலிக்கு அப்பாலிருந்து அள்ளிக்கொண்டு வருவதற்குப் பெரியவருக்குச் சாக்குப்பை கிடைக்கவில்லை போலிருக்கிறது. டிரம்முக்குப் பக்கத்தில், இத்தனை நாள் கட்டிலுக்கடியில் கிடந்த அந்தத் துணிப்பை, வாய் திறந்து, கழுத்து வரைக்கும் மண்ணோடு நின்றுகொண்டிருந்தது. உள்ளே போய் எட்டிப் பார்த்தாள். அவருடைய சட்டைகளெல்லாம் மகனுடைய சட்டைகளுக்குப் பக்கத்தில் அலமாரியில் அடுக்கியிருந்தன, கொஞ்சம் கோணலாக.

மருமகள் கிடங்குக்குப் போய் நாலு விதை கேட்டதற்குப் பத்தாக வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு மாடிக்குப் போய், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டாள்.